பட்ஜட் அக்காவும் ஏழாம் பக்கமும்

நாட்டுக்கு எத்தனை நிதியமைச்சர்கள் வந்து போனாலும், லிந்துலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நிதியமைச்சர் ஒரே ஒருவர்தான். பட்ஜட் அக்கா. யாரும் வாக்குப் போடவில்லை, அவராகவே பதவியேற்றுக்கொண்டார். இறக்கிவிட யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவருக்கு வேலை பிள்ளைக் காம்பராவில். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தாலாட்டெல்லாம் அவருக்கு வராது. கையில் கிடைத்த பேப்பரை வாசித்துக் காட்டுவார். "வட்டி வீதம் உயரும்போது..." என்று ஆரம்பித்தால் பத்துப் பிள்ளைகளும் தூங்கிவிடும். பொருளாதாரக் கட்டுரைகளால் உடனடிப் பயன் பெற்றவர்கள் எனக்குத் தெரிந்து அந்தப் பிள்ளைகள்தான்.

காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குவது அவர் கொள்கைக்கு விரோதம். சந்தியில் இருக்கும் முஸ்லிம் நானாவின் கடையில் சாமான் சுற்றித் தரும் பழைய பேப்பரே போதும். ஒருநாள் பருப்பு சுற்றி வந்த தாளில், குடும்ப வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்று ஒரு கட்டுரை. அடியில் 'தொடர்ச்சி ஏழாம் பக்கம்'. அக்கா மறுபடி கடைக்கு ஓடினார்.

"நானா, ஏழாம் பக்கத்துல ஒரு அம்பது கிராம் நெத்தலி சுத்திக் குடுங்க."

"ஏழாம் பக்கம் இப்பதானே கருவாட்டோட போச்சு, புதுசா வந்த டீச்சர் வூட்டுக்கு."

அந்தப் புது டீச்சர் நான். தோட்டப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்து மூன்றாம் நாள். கதவைத் திறந்தால் மூச்சு வாங்க ஒரு பெண்.

"டீச்சர், கருவாடு ஒங்களுக்கு. தாளு எனக்கு."

எங்கள் சிநேகிதம் இப்படித்தான் தொடங்கியது.

அந்தத் தாளிலும் முழு ஞானம் கிடைக்கவில்லை. சம்பளத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டுமாம். முதல் பங்கு அன்றாடச் செலவுக்கு. இரண்டாவது சேமிப்புக்கு. மூன்றாவது எதற்கு என்று சொல்லும் இடத்தில் கருவாட்டு முள் குத்திக் கிழித்திருந்தது.

"அது புருசனுக்குத்தான் இருக்கும்" என்றார் அவர் கணவர் ராசு அண்ணன்.

"ஒங்களுக்குன்னா இவ்வளவு பெரிய ஓட்ட விழுந்திருக்காதுங்க. சின்ன ஓட்டையே போதும்."

ராசு அண்ணன் நுவரெலியா மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். கையில் காசு தங்காத மனிதர். கல்யாண நாளுக்கு மனைவிக்கு ஒரு சேலை வாங்கி வந்தார். மறுநாளே அக்கா அதைக் கடையில் திருப்பிக் கொடுத்து, காசை வங்கியில் போட்டு, ரசீதை அவரிடம் நீட்டினார். "இந்தாங்க, நீங்க எடுத்த சேல. இனி இது வட்டியோட வளரும்." அவர் கோபிக்கவில்லை. "எம் பொண்டாட்டி சேலய பேங்க்ல மடிச்சு வச்சிருக்கா" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நானும் தப்பவில்லை. மாதத் தவணையில் டீவி வாங்கினேன். தவணைச் சீட்டை வாங்கிப் பார்த்து விரல்விட்டுக் கணக்குப் போட்டார் அக்கா. பிறகு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்னாக்கா தேடுறீங்க?"

"ரெண்டு டீவி காசு கட்டுறீங்களே டீச்சர், மத்த டீவி எங்க?"

இத்தனை பிடிவாதமும் மகள் செல்விக்காகத்தான். அவள் கேம்பஸ் போய்ப் பட்டம் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

செல்விக்கு இடம் கிடைத்தது, பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்தக் கெட்ட வருஷத்தில். மாவும் பால்மாவும் விலை கேட்கவே பயமாக இருந்தது. பத்திரிகைகள்கூட மெலிந்துபோயின. "காசு அப்படியே இருக்கு டீச்சர். சாமாந்தான் எட்டாத தூரத்துக்குப் போயிருச்சு" என்றார் அக்கா. பகல் சோற்றைக் குறைத்தார்கள். ராசு அண்ணன் மூட்டைகளைக் கூட்டினார். நடுநடுவே நெஞ்சைத் தடவிக்கொள்வார். கேட்டால், வாய்வு என்பார். அக்கா இஞ்சி தட்டிப்போட்டுக் கொடுப்பார். அவரும் குடித்துவிட்டு, சரியாகிவிட்டது என்பார்.

ஒரு காலையில் சந்தையில் கரட் மூட்டையை இறக்கி வைத்தவர், அதன்மேலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

"இங்கிலீசுல இருக்கு டீச்சர். வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. இருதயத்துக்கு ஒரு பரிசோதனை. கண்டிக்குப் போய், காசு கட்டிச் செய்ய வேண்டியது. அவசரம் என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தது. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"அவரு பழைய சட்டப் பையில இருந்துச்சு" என்றார். "ஊர்ல கெடந்த தாளெல்லாம் படிச்சேன். என் வூட்டுக்குள்ள இருந்த தாளப் படிக்கலியே."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட காசு இருந்துச்சே டீச்சர். கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

பிறகு மிக மெதுவாகக் கேட்டார்.

"குடுத்திருப்பேனா டீச்சர்?"

பிடித்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

செல்வி இனிப் படிக்கப் போகமாட்டேன் என்று அழுதாள். அக்காவே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். "ஒங்கப்பா வாயக் கட்டி மிச்சம் வச்ச காசு. படிச்சு முடிச்சிட்டு வா" என்று ஏற்றிவிட்டார். அதன் பிறகு அவர் எதையும் வாசிக்கவில்லை. நானா நல்ல பக்கமாகத் தேடிச் சுற்றி அனுப்புவார். அக்கா பிரித்து, சாமானை எடுத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமலே அடுப்பில் வைப்பார். பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் தூங்க அடம்பிடிப்பதாகத் தாய்மார் குறைபட்டார்கள். யாரையும் அவர் திட்டுவதில்லை. என்னையாவது திட்டட்டும் என்று இன்னொரு பொருளைத் தவணையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னாலேயே நடந்து பார்த்தேன். "நல்லா இருக்கு டீச்சர்" என்றார்.

பல மாதம் கழித்து ஒருநாள் என் மேசை விரிப்பின் கீழே துருத்திக்கொண்டிருந்த தாளை இழுத்தார்.

"இது என்னா?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாத தாளுக்கு எதுக்கு டாக்டர் சீல்?"

ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். தவணைகள் முடியட்டும் என்று இரண்டு மாதமாகத் தள்ளிப் போட்டிருந்தேன். அந்தத் தாளை அக்கா இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மறுநாள் விடியற்காலை சேலை கட்டி, வேலைக்கு லீவு போட்டு, என் வாசலில் நின்றார். நுவரெலியா ஆஸ்பத்திரியில் நான் பையைத் திறக்குமுன் தன் சேமிப்பிலிருந்து எடுத்து வந்த காசைக் கட்டிவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது, சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது அவர்தான்.

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் தலை வைத்துத் தூங்கிப்போனார். கன்னம் ஒட்டி, முகம் எவ்வளவு சிறுத்துவிட்டது என்று அப்போதுதான் பார்த்தேன். லிந்துலை வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. அடுத்த ஊருக்கு இன்னும் இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

தலவாக்கலையில் கண் விழித்தவர் ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு ஆரம்பித்தார். "படிச்ச பொம்பளதானே நீங்க? போக ரெண்டு டிக்கெட்டு, திரும்ப ரெண்டு டிக்கெட்டு, சும்மா தூங்குறதுக்கா காசு?" திரும்பி வந்த பஸ்ஸிலும் திட்டினார். தேயிலை நடுவே ஏறும் பாதையிலும் திட்டினார்.

வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று நான் மெதுவாக நடந்தேன்.