யாரையும் யாரென்று கேட்காதீர்கள்

"எப்போ ஆரம்பிக்கப் போறீங்க மிஸஸ் பிக்கெட்? எங்க ஆளுங்க காத்துக்கிட்டே இருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணும் நடக்கலைன்னா ஒப்பந்தத்தை ரத்து பண்ண வேண்டியதுதான்."

ஒப்பந்தம் கொடுத்த கம்பெனியின் சிகாகோ தலைமை அலுவலகத்துப் பெண் போனில் பதிந்து வைத்திருந்த அந்தச் செய்தியை, டெ மொய்ன் நகரத்துக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து லவோன் பிக்கெட் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கோபம் ஒரு படி ஏறியது.

ஆரம்பிப்பதா? இரண்டு வாரமாக ப்ரெய்ரிமூன் இன்ஷூரன்ஸின் மூன்றாவது மாடியில் அவள் தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருந்தது என்ன, வானிலை அறிக்கையா?

கணவனுக்கு போன் போட்டாள்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம், ரோஸ்கோ!"

"குத்திக் காட்டுறாங்க ராசாத்தி. பேசினது போதும், பலனைக் காட்டுன்னு அர்த்தம்."

"காட்டலைன்னா?"

"உன் பழைய பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் இடம் காலியாத்தான் இருக்கு."

கம்பெனிகள் தனக்காக வரிசையில் நிற்பதாகச் சொல்லிவிட்டு அந்த வேலையைத் தலைமையாசிரியர் முகத்தில் விட்டெறிந்து வந்தவள் லவோன். வரிசையில் இதுவரை நின்றது இந்த ஒரே கம்பெனிதான். மறுபடி ஏழாம் வகுப்பா? மறுபடி பின்னங்களா? அதுவும் அந்த மனிதரின் அரைச் சிரிப்புக்கு முன்னாலா?

"செத்தாலும் மாட்டேன்" என்று போனை வைத்தாள்.

அவள் தொழில் பணியிட இனச் சமத்துவ ஆலோசனை. எந்த நிறத்துக்காரரும் அலுவலகத்துக்குள் கால் வைத்தால் 'இது என் இடம்' என்று உணர வேண்டும். அந்த உணர்வை உண்டாக்கித் தருவதாகத்தான் ஒப்பந்தம்.

முதல் நாள் என்னவோ அமர்க்களமாகத்தான் நடந்தது. லிஃப்டை விட்டு இறங்கியதும், வரவேற்பு மேஜையிலிருந்த மார்லீஸ் என்ற அம்மாள் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, "நீங்க யாரும்மா? யாரைப் பார்க்கணும்?" என்றாள்.

லவோன் அந்தக் கேள்வியையே முதல் பாடமாக்கிவிட்டாள்.

"இதோ! கறுப்பு முகத்தைப் பார்த்ததும் வாயில வர்ற முதல் கேள்வி! ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தா இப்படிக் கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருப்பாள். எல்லோரையும் அப்படிக் கேட்பதற்குத்தான் மார்லீஸுக்குச் சம்பளம். ஆனால் அதைச் சொல்லும் துணிச்சல் அங்கே யாருக்கு இருந்தது? மேலாளர் கர்ட் ஹால்வர்சன் காது மடல் வரை சிவந்துபோய் ஓடி வந்தார். 'சிகாகோ', 'ஒப்பந்தம்' என்ற இரண்டு வார்த்தைகள் காதில் விழுந்ததும் ஊழியர்களை எல்லாம் கூட்ட அறையில் கூட்டினார். 'யாரையும் யாரென்று கேட்காதீர்கள்' என்று பெரிய அட்டை எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டது. மார்லீஸ் அன்று மூடிய வாயை அப்புறம் திறக்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைக்குள் பலன் வேண்டும். மூன்றாவது மாடி முழுக்கச் சோளக்கதிர் நார் நிறத்தில் வெள்ளைக்காரத் தலைகள். நடுவில் ஒரே ஒரு கறுப்பு மனிதர், சட்டையில் தைத்திருந்த பெயர்ப்படி அலோன்சோ. செத்துக் கிடந்த காபி மெஷின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். மத்தியானம் தன் வேனில் போய்த் தனியாகச் சாப்பிடுவார். அப்புறம் எங்கேயோ மறைந்துவிடுவார்.

லவோன் மேலாளரைப் பிடித்தாள். "அந்த மனுஷன் ஏன் வண்டியில உட்கார்ந்து சாப்பிடுறாரு?"

"சத்தியமா நாங்க ஒண்ணும் சொல்லலை மேடம். அவர்கிட்ட இதுவரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லை!"

"அதுதான் வியாதியே!"

மறுநாள் எல்லோரும் சேர்ந்து சாப்பிட ஏற்பாடு. ஆளுக்கொரு உருளைக்கிழங்குப் பதார்த்தம், தட்டுத் தட்டாகப் பச்சை ஜெல்லி. கர்ட் மட்டும் ஒரு வாளி நிறையப் பொரித்த கோழி வாங்கி வந்து, பாசத்தோடு அலோன்சோ முன்னால் வைத்தார்.

லவோன் கண்ணை மூடிக்கொண்டாள். "இது எதுக்கு, ஹால்வர்சன்?"

"அவருக்குப் பிடிக்குமேன்னு..."

"கறுப்பர்னாலே பொரிச்ச கோழி பிடிக்கும்னு எப்படித் தெரியும்?"

ஜெல்லி நடுங்குகிற சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது. கர்ட் எழுந்து நின்று கோழி வாளிக்காக மன்னிப்புக் கேட்டார். அப்புறம் ஊரில் உள்ள எல்லாக் கோழிகளுக்காகவும் கேட்டார்.

அலோன்சோ கோழிக்காலோடு கையைத் தூக்கினார். "மேடம், நான் வந்து..."

"நீங்க எதையும் விளக்க வேண்டாம் அண்ணே! இது உங்க இடம்னு இங்கே யாருக்கும் நிரூபிக்க வேண்டியதே இல்லை!"

"அதில்லை, அந்த மெஷினு..."

"கேட்டீங்களா? மெஷின் மாதிரி நடத்துறீங்கன்னு சொல்றாரு!"

கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் விசும்ப ஆரம்பித்தாள். அலோன்சோ பெருமூச்சு விட்டுவிட்டுக் கோழியைக் கவனித்தார்.

மன்னிப்பு போதாது, மரியாதை செயலில் தெரிய வேண்டும் என்றாள் லவோன். உடனே ஜன்னலோர மூலை அறையிலிருந்து ஓர்விலைக் கிளப்பிவிட்டு, அலோன்சோவை உட்கார வைத்தார்கள். ஓர்வில் கம்பெனியில் கிழடு தட்டியவர். அவர் மேஜை நடைவழிக்கு வந்தது. கழிப்பறைக்குப் போகிறவர்கள் எல்லாம் அவர் நாற்காலியில் இடித்துக்கொண்டு போனார்கள். மாலைக்குள், 'இது என் இடமில்லை' என்று அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தனியாக ஒரு வகுப்பு எடுக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு மூலை அறை மத்தியானம் காலியாகக் கிடந்தது. அலோன்சோ ஐந்தாவது மாடிக்குப் போயிருந்தார்.

"மேலேயா? அந்த வாகன இன்ஷூரன்ஸ் கும்பல்கிட்டயா?" கர்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கம்பெனி ஒன்றுதான். ஆனால் என்றைக்கோ ஒரு சாஃப்ட்பால் ஆட்டத்தில் தோற்றதிலிருந்து, ஆலங்கட்டி மழைக் காப்பீடு பார்க்கும் மூன்றாவது மாடி ஐந்தாவது மாடியோடு பேசுவதில்லை.

"அங்கே அவரை மனுஷனா மதிக்கிறாங்க போலிருக்கு" என்று லவோன் ஊசியை ஏற்றினாள்.

"மேடம், ஆளை விட்டுடக் கூடாது! அவரைத் துணைத் தலைவர் ஆக்கிடலாமா?"

"எதுக்குத் துணைத் தலைவர்?"

"எதுக்குன்னு கேக்கலாமா மேடம்? தப்பில்லையா?"

லவோன் தலையாட்டிவிட்டாள். பாடம் இவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டதே என்று உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை கேக் வந்தது. கீழ்த்தள முகப்பில் அலோன்சோவின் பெரிய படம் மாட்டப்பட்டது. மூன்றாவது மாடியில் நடந்த விழாவைப் படம்பிடித்துச் சிகாகோவுக்கு அனுப்புவதற்காக லவோன் போனை உயர்த்திப் பிடித்தாள். இனி எந்தத் தலைமையாசிரியர் வந்து சிரிப்பார், பார்க்கலாம்!

"துணைத் தலைவர் பேசுவார்!"

அலோன்சோ சுற்றிலும் பார்த்தார். "இன்னைக்காவது பேச விடுவீங்களா?"

"பேசுங்க அண்ணே! கேக்கத்தானே இருக்கோம்!"

"ரொம்ப நல்லாக் கவனிச்சுக்கிட்டீங்க. கோழியில மட்டும் கொஞ்சம் உப்பு தூக்கல்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் காபி மெஷின் ரிப்பேர் பண்ண வந்தவன். இந்த மெஷினுக்கும் மேல் மாடி மெஷினுக்கும் சாமான் வந்து சேர இவ்வளவு நாளாச்சு. ரெண்டும் இப்போ ஓடுது, நான் கிளம்புறேன். துணைத் தலைவர் வேலையை அந்த நடைவழிப் பெரியவருக்கே கொடுத்துடுங்க. என் பொண்டாட்டிக்கு இன்ஷூரன்ஸ்காரங்கன்னாலே ஆகாது."

பின்னால் மெஷின் களகளவென்று காபியை ஊற்றியது.

லவோனின் போன் மெல்லக் கீழே இறங்கியது. "ஹால்வர்சன்! உங்க ஆபீஸ்ல ஒரு ஆள் இத்தனை நாளா உட்கார்ந்திருக்காரு. 'நீங்க யாரு'ன்னு ஒருத்தருக்குக்கூடவா கேக்கத் தோணலை?"

மேலாளர் சுவரில் இருந்த அட்டையை விரலால் காட்டினார். அவர் பின்னால் நின்ற அத்தனை பேரும், வீட்டுப்பாடத்தைச் சொன்னபடியே எழுதிவிட்டு அடி வாங்கும் பிள்ளைகள் மாதிரி விழித்தார்கள். ஏழாம் வகுப்பு! லவோன் பாய்ந்துபோய் அட்டையைக் கிழித்தாள்.

"போதும்! இந்த நிமிஷத்துலேர்ந்து கேளுங்க! யாரை வேணும்னாலும் கேளுங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க!"

கூட்டத்தின் கடைசியில் ஒரு கை மட்டும் தயங்கித் தயங்கி உயர்ந்தது. வரவேற்பு மேஜை மார்லீஸ்.

"அப்படின்னா முதல் நாள் விட்ட இடத்துலேர்ந்து கேக்குறேன் மேடம். அஞ்சாவது மாடியில ரெண்டு வாரமா ஒரு ஆலோசகருக்காகக் காத்துக்கிட்டிருக்காங்களே, அது நீங்கதானா?"