சைபருக்குக் கீழே ஓடிய வண்டி

இனிமேல் வண்டியைத் தள்ளுவதில்லை என்று மீட்டர்காரர் சபதம் செய்தது ஒரு காலியான ரயில் பிளாட்பாரத்தில்தான்.

ரயில் அப்போதுதான் போயிருந்தது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அவரைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே வளைவில் திரும்பி மறைந்தது. பக்கத்து பெஞ்சில் அவர் மனைவி, மகள் வீட்டுக்கென்று கட்டிய பையை மடியிலும் அறுந்த செருப்பைக் கையிலுமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்களை ஏற்றி வந்த பேட்டரி வண்டி பாலத்தின் ஏற்றத்தில் மூச்சை விட்டுவிட்டது. அங்கிருந்து அந்த அம்மாள் பின்னாலிருந்து தள்ள, இவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். யாராவது ஒருத்தர் வண்டியை நேராகப் பிடிக்க வேண்டாமா என்பது அவர் கட்சி.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. அடுத்த ரயில் எப்போது என்று மட்டும் கேட்டாள். நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டு அவர் தண்டவாளத்தைப் பார்த்தார்.

கிளம்பும்போதே சார்ஜ் இருக்கிறதா என்று அவள் கேட்கத்தான் செய்தாள். ‘தாராளமா இருக்கு’ என்றார். அந்தத் தாராளம் அவரோடு கூடப் பிறந்தது. பற்பசைக் குழாயை உருட்டி உருட்டி வாலாக்கிய பிறகும் தாராளமாக இருக்கும். கேஸ் சிலிண்டர் தாராளமாக இருக்கிறது என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அடுப்பு அணையும். எதிலும் கடைசிச் சொட்டு வரைக்கும் போய்ப் பார்க்காமல் விடமாட்டார். போய்ப் பார்த்தால் சொட்டு இருக்காது.

இத்தனைக்கும் அவர் தொழிலே அளவு பார்ப்பதுதான். குடிநீர் அலுவலகத்தில் தண்ணீர் மீட்டர் படிப்பவர். தெருத் தெருவாகப் போய், வாசலில் குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி, பல்லியை விரட்டி, எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டு வருவார். ஊராருக்கு அவர் மீட்டர்காரர். ஊர் வீடு முழுக்க மீட்டர் பார்த்தவருக்குச் சொந்த வண்டியில் பார்க்க ஒரு மீட்டர் இல்லை. ஒரே ஒரு குட்டி பல்பு இருந்தது. சார்ஜ் இருந்தாலும் எரியும், இல்லாவிட்டாலும் எரியும்.

ஆகவே அவரே ஒரு மீட்டர் செய்துவிடுவதென்று தீர்மானித்தார். மீட்டர் மட்டுமா, பேட்டரியை அடிவயிறு வரைக்கும் நிரப்பும்படி ஒரு சார்ஜரும்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜை ஆராய்ச்சிக்கூடமாயிற்று. பழைய சாமான் கடையில் பொறுக்கி வந்த வோல்ட் மீட்டர், செத்துப்போன சார்ஜர், மின்விசிறி ரெகுலேட்டர் எல்லாம் தட்டு வைக்கிற இடத்தில் குடியேறின. அந்த அம்மாள் அடுக்களையில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகு வந்து டார்ச் பிடித்தாள். முள்ளுக்குப் பின்னால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காகிதம் ஒட்டினார். எண்களை மட்டும் அவள் எழுதினாள். அவர் எழுதியது ஏழா ஒன்றா என்று கேட்டு அலுவலகத்துக்கே ஆள் வருவதுண்டு.

“இந்தா பாரு, பின்னாடி இருக்கிற இந்தத் திருகுதான் இதுக்கு உயிர்” என்று விளக்கினார். “வலப்பக்கம் திருப்பினா முள்ளு ஏறும். இடப்பக்கம் திருப்பினா இறங்கும். கச்சிதமா வெச்சிட்டேன். இனிமே இதை யாரும் தொடக்கூடாது.”

யார் தொடப்போகிறார்கள் என்று சொல்லி அவள் டார்ச்சை அணைத்தாள்.

மீட்டர் வண்டியில் ஏறியது. சில நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு ஒருநாள் ஊர்க்கோடித் தெருவில் இருக்கும்போது முள் சிவப்பைத் தாண்டிச் சைபரில் படுத்துவிட்டது. மீட்டர்காரர் வண்டியை நிறுத்த நிழல் தேடினார். நிழல் வந்தது, வண்டி நிற்கவில்லை. அடுத்த தெருவிலும் நிற்கவில்லை. பாலத்தின் மேல்கூட முனகாமல் ஏறி, வீட்டு வாசலில் வந்துதான் நின்றது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் சைபரிலேயே காய்கறி வாங்கப் போய்வந்தார்.

அவர் யோசித்துப் பார்த்தார். மீட்டர் பொய் சொல்லாது, ஏனென்றால் அது அவர் செய்தது. சார்ஜ் இல்லாமல் வண்டி ஓடாது. ஆக, சார்ஜர்தான் ஏதோ செய்கிறது. மற்ற சார்ஜரெல்லாம் மூட்டையில் திணிப்பதுபோல மின்சாரத்தைத் திணிக்கிறது. தன்னுடையது குழந்தைக்கு ஊட்டுவதுபோல வாய் வாயாக ஊட்டுகிறது. அதனால் சக்தி பேட்டரியின் எலும்புக்குள் இறங்கி நின்று, எல்லாம் தீர்ந்த பிறகு வெளியே வருகிறது. இந்தக் கொள்கையைப் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் சொன்னார். முப்பது வருஷம் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்ற அந்த மனிதர், பேட்டரிக்கு எலும்பு கிடையாது என்றும், சைபருக்குக் கீழே ஓடுகிற வண்டி உலகத்திலேயே கிடையாது என்றும் சொல்லிவிட்டார். பேச்சு வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை, முள் சைபரில் இருக்கும்போது, வாத்தியாரைப் பின்னால் உட்காரவைத்து ரயில் நிலையம் வரை போய்த் திரும்புவதாக முடிவாயிற்று. தெருவே திரண்டு வந்து வழியனுப்பும் போலிருந்தது.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது மீட்டர்காரர் அடுத்த குண்டைப் போட்டார். மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிடப் போகிறார். சார்ஜர் செய்து விற்கப்போகிறார்.

“கண்டவன் வாசல்ல குனிஞ்சு மீட்டர் பாத்தது போதும். இனிமே ஊரே என் மீட்டரைப் பாக்கும்” என்றார்.

அவர் மனைவி தையல்காரி. மருந்துக்கடைக்குப் பக்கத்தில் கதவகலத்துக்கு ஒரு கடை வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் வீட்டிலும் அரக்கு நிறச் சீருடைகளாகக் குவிந்து கிடந்தன. அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“சனிக்கிழமை நான் ரயிலுக்குப் போகணும். பிரசவத்துக்கு டாக்டர் நாள் சொல்லிட்டாங்களாம். பொண்ணு தனியா இருக்கா” என்றாள். “நீங்களே வண்டியில கொண்டுபோய் விட்டுடுங்க.”

அதற்கென்ன, முதல்நாளே முழுக்க சார்ஜ் போட்டு வைத்துவிடுகிறேன் என்றார்.

“எதுக்கு? முள்ளு சைபர்ல இருக்கிறப்பவே போவோம். வாத்தியாருக்குக் காட்டறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டக்கூடாதா? நீங்க கண்டுபிடிச்சது. எனக்கு நம்பிக்கை இருக்குங்க.”

எனக்கு நம்பிக்கை இருக்கு என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் அம்மாகூடச் சொன்னதில்லை. மீட்டர்காரர் நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தார். டீ தீர்கிற வரைக்கும் நிமிர்ந்துதான் இருந்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

காய்கறிக்கடைக்கு ஓடியது சரி. ரயில் நிலையம் தூரம். நடுவில் பாலம். பின்னால் ஒரு ஆள், முன்னால் ஒரு பை. வாத்தியாரை ஏற்றிக்கொண்டு போய் நின்றுவிட்டால், அவர் நாலு நாள் சிரிப்பார், ஐந்தாம் நாள் மறந்துவிடுவார். இவளை ஏற்றிக்கொண்டு நின்றுவிட்டால் இவள் சிரிக்கவும் மாட்டாள், திட்டவும் மாட்டாள். அடுத்த ரயில் எப்போது என்று கேட்பாள்.

வெள்ளிக்கிழமை முள் சைபரில் படுக்கிற வரைக்கும் வண்டியை ஓட்டிவிட்டு வீடு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில், பாக்கியிருக்கிற சீருடைகளைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி அவள் கடைக்குப் போனாள். கூடத்தில் பை திறந்தபடியே இருந்தது. மேலாக ஒரு குட்டிச் சட்டை, அவள் தைத்தது. எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். உள்ளங்கைக்கே சரியாக இருந்தது.

கண்டுபிடிப்பாவது மண்ணாங்கட்டியாவது என்று தோன்றியது. வண்டியை முழுக்க சார்ஜ் பண்ணிவிட வேண்டியதுதான். ஆனால் சார்ஜ் ஏறினால் முள்ளும் பச்சைக்கு ஏறும். பார்த்தால் கேட்பாள், உங்களுக்கே உங்கள் மேல் நம்பிக்கை இல்லையா என்று. அதற்கும் வழியிருந்தது. திருகை இடப்பக்கம் திருப்பி, முள்ளைச் சைபருக்கு இறக்கி வைத்துவிட்டால் போதும். தான் பெற்ற மீட்டருக்குத் தானே பொய் சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்றே என்று வருந்தினாலும், வண்டியைப் பின்கட்டுக்கு உருட்டிக்கொண்டு போய் பிளக்கைச் செருகினார். கையோடு மீட்டரின் பின்மூடியையும் கழற்றினார்.

திருகு அவர் வைத்த இடத்தில் இல்லை.

நன்றாக இடப்பக்கம் திரும்பியிருந்தது. தலையில் மெல்லிய கீறல். தையல் மிஷினுக்கென்று இருக்கும் சின்னத் திருப்புளியின் கீறல். திருகின் கழுத்தில், சுற்றிச் சிக்கிக்கொண்டு, ஒரு துண்டு அரக்கு நூல்.

மீட்டர்காரருக்கு முதலில் வந்தது கோபம். என் மீட்டரிலேயே கைவைத்திருக்கிறாள். அப்புறம் மானம் போனது. சைபர் சைபரே இல்லை. பேட்டரியில் கால் பங்கு இருக்கும்போதே முள் படுத்திருக்கிறது. எலும்பும் இல்லை, ஊட்டுவதும் இல்லை. தெருவில் யார் யாரிடமெல்லாம் சொன்னோம் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

பின்கட்டில் கிடந்த நாற்காலியில் சாய்ந்தார். நூலை விரலில் சுற்றிக்கொண்டார். ஊர்க்கோடித் தெருவிலிருந்து வேகாத வெயிலில் வண்டியைத் தள்ளாமல் தினமும் வீடு வந்து சேர்ந்தது நினைவுக்கு வந்தது. இவர் கடைசிச் சொட்டு வரைக்கும் போகிற ஆள் என்று தெரிந்து, அந்தக் கடைசியில் கொஞ்சத்தை இவர் கண்ணில் படாமல் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். இதைத் திருட்டு என்று சொல்வதா, திருகு என்று சொல்வதா? தானும் இப்போது அதே திருகைத் திருப்பத்தானே வந்தோம், அதுவும் அவளுக்காகத்தானே என்று நினைத்ததும் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. வெள்ளி இரவு தூங்காத கண். அப்படியே அயர்ந்துவிட்டார்.

கண் விழித்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முள் பச்சையில் நிமிர்ந்து நின்றது. உள்ளே அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவசர அவசரமாகப் பிளக்கைப் பிடுங்கி, திருகை முட்டுகிற மட்டும் இடப்பக்கம் திருப்பினார். முள் சைபரில் படுத்தது. மூடியைப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

அவள் பையோடு வந்தாள். குனிந்து மீட்டரைப் பார்த்தாள்.

“சைபர்தான்” என்றார் அவர்.

“சைபர்தான்” என்றாள் அவள். ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பாலத்தின் ஏற்றத்தில் வண்டி சீறிக்கொண்டு ஏறியது. பேருந்தையே முந்தியது. உச்சியில் காற்று அடித்தது. தோளிலிருந்த கை இறுகவே இல்லை என்பதை அவர் கவனித்தார். ரயில் வருவதற்கு வெகுநேரம் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மீட்டர்காரர் சட்டைப்பையிலிருந்து அந்த நூலை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள்.

“சின்னப் பசங்க துணியில உள்ள மடிச்சுத் தைப்போமே, வளந்தா பிரிச்சு விடலாம்னு. அந்த மாதிரிதாங்க கொஞ்சம் மடிச்சு வெச்சேன். கண்ணுல பட்டா நீங்க தீத்துடுவீங்க” என்றாள்.

“அப்ப எதுக்கு நம்பிக்கை இருக்குன்னு சொன்னே?”

“நான் நம்பலேன்னா நீங்க பிடிவாதம் பிடிப்பீங்க. நான் நம்பிட்டாத்தான் உங்களுக்குச் சந்தேகம் வரும்.”

வேலையை விடுவதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்றிருக்கிறேன் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். செய்யுங்கள் என்றாள். வாத்தியாரிடம் என்ன சொல்வது என்று கேட்டார். அவர் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார் என்றாள். அவர் வீட்டு அம்மாளிடம் பேசியாயிற்றாம். அவருக்கு முதுகுவலி, வண்டியில் ஏறக்கூடாது என்று அந்த அம்மாள் முடிவு செய்துவிட்டாளாம். வாத்தியாருக்கு இன்னும் தெரியாதாம்.

ரயில் வந்தது. பையை ஏற்றி, அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, மீட்டர்காரர் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். போனதும் போன் பண்ணு என்றார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்றாள். திருகைப் பழையபடி வைத்துவிடும்படியும் சொன்னாள். அவர் வைத்த இடத்தில் அல்ல, அவள் வைத்த இடத்தில்.

அப்படி ஒரேயடியாகத் தோற்றுப்போக அவருக்கு மனமில்லை. ரயில் நகரத் தொடங்கியது. கூடவே நடந்தார்.

“இன்னிக்கு நீதான் ஏமாந்தே, தெரியுமா? வண்டி சைபர்ல வரலை. காலையிலேயே உனக்குத் தெரியாம முழுசா சார்ஜ் போட்டுட்டேன்” என்றார்.

அவள் ஜன்னலில் முகத்தைச் சாய்த்து, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

“நீங்க பிளக்கை மட்டும் சொருகிட்டுத் தூங்கிட்டீங்க. கத்தரிக்கோல் எடுக்க வந்தப்ப சுவிட்சைப் போட்டது நான்.”