ஸ்பீக்கர் அண்ணாச்சியிடம் கேட்ட ஒன்பதாவது கேள்வி

எங்கள் மில் ஃபிட்டர் ராஜபாளையத்தில் "டீ" என்று சொன்னால், ஸ்ரீவில்லிபுத்தூரில் யாராவது பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். அப்படியொரு தொண்டை. சேத்தூரிலிருந்து வரும் அவரை ஸ்பீக்கர் அண்ணாச்சி என்றால்தான் தெரியும். ஆள் பதிவுகளைப் பார்க்கிற எனக்கே அவருடைய நிஜப்பெயர் சட்டென்று நினைவுக்கு வராது.

ஒருமுறை மேனேஜர், "பேரிங் போயிருச்சா?" என்று கேட்டார்.

"பேரனா? பால்வாடிக்குப் போறான் சார்!"

மேனேஜரே சிரித்துவிட்டார். மனுஷனுக்கு நக்கல் அதிகம் என்றே நினைத்தோம். அந்தப் பதிலை அவர் குரலிலேயே ஆபீஸில் பேசிக் காட்டி நானும் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

போன வருடம் நூல் வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஆண், பெண், சாதி, மதம், தாய்மொழி, உடல் குறை பார்க்காமல் எல்லோருக்கும் இங்கே சமவாய்ப்பு உண்டு என்று காட்ட வேண்டுமாம். ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும், சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிட வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. நானோ சோம்பல்பட்டு, கேண்டீன் வரிசை ஓரமாக மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"வீட்ல என்ன பாஷை அண்ணாச்சி?"

"அவ பேசுத பாஷைதான்! நமக்கு ஏது பாஷை?"

வரிசை சிரித்தது. எனக்கும் கொம்பு முளைத்தது. ஒன்பதாவது கேள்வி, உடல் குறை. கையைக் காதில் குவித்துக்கொண்டு கத்தினேன்: "காது கேக்குமா அண்ணாச்சி?"

கேண்டீனே அதிர்ந்தது. அவர் முகம் மட்டும் சுருங்கிப்போனது. மேசைமேல் குனிந்தார். அவரிடம் அவ்வளவு சின்னக் குரலும் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

"மெதுவாக் கேக்கக்கூடாதா தம்பி? ரெண்டு காதும் போயி எம்புட்டோ வருசமாச்சு. உதட்டப் பாத்துத்தான் சமாளிக்கேன். தெரிஞ்சா அவிய மிஷின் பக்கம் விடுவாவளா?"

பின்னால் நின்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் படிவத்தை மூடினேன்.

மறுநாள் ஸ்டோர் ரூமில் தனியாக உட்காரவைத்து மன்னிப்புக் கேட்டேன். வேலைக்குப் பங்கம் வராமல் நான் பேசுகிறேன் என்றேன். செத்த நேரம் என் உதட்டையே பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, 'உண்டு' என்ற கட்டத்தில் அவரே டிக் அடித்தார். அவர் சம்மதத்தோடு மேனேஜரிடம் போய், கேண்டீனில் நான் நடந்துகொண்ட லட்சணத்தையும் சேர்த்தே சொன்னேன். வேலை போகவில்லை. காதுக்கு மிஷின்தான் வந்தது.

அதை மாட்டிக்கொண்ட வாரம் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, ஆபீஸ்ல என்னைய மாதிரியே பேசிக் காட்டுவியளாமே? எங்க, ஒருக்கா பேசுங்க. இப்பத்தான் கேக்குதுல்லா."

கோபமில்லை. குழந்தை மாதிரி சிரித்தபடி காத்து நின்றார். நான் எழுந்து, கிரீஸ் ஏறிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.