ஒற்றைத் தும்மல்

"மீட்டர் பத்தொம்பது காட்டுதும்மா. பதினேழுக்கு மேல ஈரம் இருந்தா எடுக்கக் கூடாது. திருப்பி..."

ஒரு தும்மல். ஒன்றே ஒன்று.

எழுத்தர் துரைராசு பேனாவைக் கீழே வைத்தார். அவர் பகுத்தறிவாளர், ராகுகாலத்தில்தான் வேலையில் சேர்ந்தார். ஆனால் ஒற்றைத் தும்மல் விழுந்தால் தண்ணீர் குடித்து, அரை மணி உட்கார்ந்த பிறகுதான் மறுபடி எழுதுவார்.

நெல் கொள்முதல் நிலையத்துக்கு அன்று கடைசி நாள். அம்சத்தின் குவியல் மட்டுமே பாக்கி. பதிவேட்டில் 'ஈரம்' என்று எழுதிவிட்டால் அவள் வியாபாரியிடம் பாதி விலைக்குத் தள்ள வேண்டியதுதான். அவளோ வாய் திறக்காமல், வெயிலில் நெல்லைக் கிளறித் தூற்றிக்கொண்டிருந்தாள்.

மறுபடி பேனா. மறுபடி தும்மல்.

"மூஞ்சியக் கட்டிக்குங்க சார்" என்று சுமைதூக்கும் கோவிந்தராசு தன் துண்டைக் கொடுத்தான். அதில் நூறு மூட்டைத் தூசி இருந்தது. ஐந்து தும்மல்.

"அஞ்சும் ஒத்தப்படைதானே சார்?"

"வாய மூடுய்யா!"

பலருக்கு நெல் தூசி ஒன்றும் செய்யாது. துரைராசுவின் உடம்போ அதை எதிரிப் படை என்று நினைத்துவிடும். மூக்கின் உள்சவ்வு வீங்கும். மூக்கைச் சுற்றி எலும்புக்குள் சின்ன அறைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி மதகு. சவ்வு வீங்கினால் மதகு அடைபடும். வடிகால் தூர்ந்த வயல்போல உள்ளே நீர் கட்டிக்கொள்ளும். அப்புறம் நெற்றி வலிக்காமல் என்ன செய்யும்?

"மேசைய இந்தப் புங்கமரத்தடியில போடுங்க சார். காத்து நல்லா வருது" என்றாள் அம்சம்.

காற்று நன்றாகத்தான் வந்தது. தும்மலும்.

கடைசியில் துரைராசு மாத்திரை போட்டுக்கொண்டார். தும்மல் நின்றது; தூக்கம் வந்தது. பதிவேட்டின்மேல் தலை சாய்ந்தது. விழித்தபோது மணி நாலரை. மீட்டரை வைத்துப் பார்த்தார்.

பதினேழு.

"எடைபோடுய்யா!" பட்டியலில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "பாவம்மா நீ. நான் இவ்வளவு இழுத்தடிச்சும் ஒரு வார்த்த முணுமுணுக்கல."

அம்சம் தலை குனிந்தபடி மிச்ச நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தாள்.

கோவிந்தராசு முதல் மூட்டையைத் தோளில் ஏற்றியபடியே சொன்னான்: "எக்கா, அதான் பட்டியல் போட்டாச்சே! இன்னும் எதுக்கு சார் மூக்கப் பாத்தே தூத்துற?"