முஸி பஸ்ஸில் ஏறவில்லை

"மாப்ளே, உனக்கு மூணாவது வரிசையில இடம் போட்டாச்சு. நீ கவலையே படாதே. ஞாயித்துக்கிழமை நான் கொண்டுபோய்ச் சேக்குறேன்."

மைத்துனர் ஸகேலே அனுப்பியிருந்த இந்தக் குரல் செய்தியை முஸி நாலாவது தடவையாகக் கேட்டார். கேட்கக் கேட்கக் கவலைதான் கூடியது.

"தோகோ, நான் செத்துட்டேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு."

"சொன்னா பெட்டியோட தூக்கிட்டுப் போய் மூணாவது வரிசையில வச்சிருவாரு" என்றாள் மனைவி, அடுப்பில் சோளப்புட்டைக் கிளறியபடியே.

பஸ் என்றதும் சக்கரத்தைத் தேட வேண்டாம். மாரத்தான் நாளில் ஹாமர்ஸ்டேல் ஊர்க்காரர்கள் பஸ் என்று சொல்வது, கையில் கொடி பிடித்து ஒருவர் முன்னால் ஓட, அவர் 'ஓடு' என்றால் ஓடி, 'நட' என்றால் நடந்து, பாடிக்கொண்டே பின்னால் போகும் இருநூறு பேர் கூட்டத்தை. கொடியில் எழுதிய நேரத்துக்குள் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிரைவரின் பொறுப்பு. நாலு மணி ஐம்பது நிமிட பஸ்ஸுக்கு டிரைவர் ஸகேலே.

முஸிக்கு வேண்டியதும் அதே நாலு ஐம்பதுதான். அதற்குள் முடித்தால்தான் ஜூனில் நடக்கும் தொண்ணூறு கிலோமீட்டர் பெரிய ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க முடியும். ஒன்பது முறை அதை ஓடி முடித்திருக்கிறார். பத்தாவது முறை முடித்துவிட்டால் நெஞ்சில் குத்தும் எண் சாகும்வரை அவருடையது. வேறு யாரும் அதைத் தொட முடியாது. பெயின்ட் கடையில் முப்பது வருடம் உழைத்தும் சொந்தமாக ஒரு நாற்காலி கிடைக்காத மனிதருக்கு அந்த எண்ணின்மீது இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. இந்த வருடத்துக்கான கடைசி தகுதி ஓட்டம் இந்த ஞாயிறுதான். வயதோ ஐம்பத்து மூன்று.

பிறகு பஸ்ஸில் ஏறுவதற்கு என்ன கேடு? இருக்கிறது. நாலு ஐம்பதுக்குச் சரியாக இருபது விநாடி இருக்கும்போது கோட்டைத் தாண்டுவதுதான் ஸகேலேக்குக் கௌரவம். முன்னால் போவது அவர் அகராதியில் வீண் செலவு. போன வருடமும் மூன்றாவது வரிசைதான் கொடுத்தார். கடைசி வளைவில் எல்லோரும் முட்டி மோத, முஸி மரியாதைக்காக வழி விட்டு விட்டே கடைசி வரிசைக்கு வந்துவிட்டார். பஸ் நேரத்துக்குச் சேர்ந்தது. முஸி ஒன்பது விநாடி தாமதம்.

"அப்ப தனியா ஓடுங்க" என்றாள் தோகோ.

"தனியா ஓடினா முதல் பத்து கிலோமீட்டர்லயே கன்னுக்குட்டி மாதிரி துள்ளிட்டு அப்புறம் படுத்துருவேன்."

"அப்ப பஸ்ல ஏறுங்க."

"ஏறினா ஒன்பது விநாடி."

"புட்டு ஆறுது. சாப்பிட்டுட்டுப் பயப்படுங்க."

விடிய விடிய யோசித்து, தனியாக ஓடுவது என்று சனிக்கிழமை காலையில் முடிவு செய்தார். ஆனால் மனைவியின் அண்ணனிடம் 'உங்கள் பஸ் வேண்டாம்' என்று எந்த வாயால் சொல்வது? முழங்கால் வலி, மெதுவாகப் பின்னால் வருகிறேன் என்று செய்தி அனுப்பினார்.

அரை மணி நேரத்தில் ஸகேலே தைல டப்பாவோடு வாசலில் நின்றார். கூடவே தூண் மாதிரி இரண்டு பேர்.

"முழங்கால்தானே மாப்ளே? உன்னை நடுவுல போட்டுர்றேன். இவங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் கக்கத்துல கை கொடுத்துக் கூட்டிட்டு வருவாங்க. தரையில கால் படாது."

முஸி அந்த இரண்டு பேரின் தோள்களைப் பார்த்தார். இவர்களுக்கு நடுவில் மாட்டினால் ஒன்பது விநாடி என்ன, மூச்சுகூட மிச்சமாகாது.

"இல்ல மச்சான்... டாக்டர் ஓடவே கூடாதுன்னுட்டார். இந்த வருஷம் நான் ஓடல."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. தோகோ சமையலறையில் கரண்டியைக் கீழே போட்டாள்.

ஸகேலேயின் கண் கலங்கிவிட்டது. "ஒன்பது ஓடிட்டு பத்தாவதுல போய்... சரி, மனசை விட்டுறாதே. உனக்கு ஒரு வேலை தர்றேன். முப்பத்திரண்டாவது கிலோமீட்டர்ல உப்புப் போட்டு அவிச்ச உருளைக்கிழங்கோட நில்லு. என் பஸ்ஸுக்கே உன் கையாலதான் தீனி."

"கண்டிப்பா மச்சான்."

"அப்புறம், என் வாட்ச் வார் அறுந்துபோச்சு. நீதான் ஓடலியே, உன்னோடதைக் கொடு."

முஸி கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். வேறென்ன செய்வது? பூனையை விரட்டப்போய்ப் புலியைக் கூப்பிட்ட கதையாகிவிட்டது. கார் கிளம்பியதும் தோகோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"ஓடத்தான் போறேன். பஸ்ஸுக்கு முன்னாடியே ஓடிடுவேன். அவர் கண்ணுல படவே மாட்டேன்."

"உருளைக்கிழங்கு?"

முஸி வாளியை எடுத்து மனைவி கையில் கொடுத்தார்.

"ஐயோ! என் அண்ணன்கிட்ட என்னைப் பொய் சொல்ல வைக்கிறீங்களா?"

"பொய் வேண்டாம். நான் கழிவறைக்குப் போயிருக்கேன்னு மட்டும் சொல்லு."

"அது பொய் இல்லாம வேற என்னவாம்?"

ஞாயிறு விடியற்காலை, குளிருக்குப் போர்த்தும் கறுப்புக் குப்பைப் பையை மற்றவர்கள் கழுத்துவரை மாட்டிக்கொண்டு நின்றார்கள். முஸி தலைக்கு மேலேயே இழுத்துவிட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு நின்றார். சுற்றி நின்றவர்கள் இரண்டடி தள்ளிக்கொண்டார்கள். பின்னால் எங்கோ ஸகேலேயின் குரல் கேட்டது: "என் பஸ்ஸுல அவசரம் கிடையாது! அழுகை கிடையாது!" வெடிச் சத்தம் கேட்டதும் முஸி பையைக் கிழித்து எறிந்துவிட்டு ஓட ஆரம்பித்தார்.

இனி பஸ் அவரைப் பிடித்தால் இரண்டு இழப்பு. எண் போய்விடும், மானமும் போய்விடும். கையில் கடிகாரம் இல்லாததால் வேகமா மெதுவா என்பதே தெரியவில்லை. கன்றுக்குட்டித் துள்ளலுக்குப் பயந்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: எண்ணூறு எட்டு ஓட்டம், நூறு எட்டு நடை. மனதுக்குள் எண்ணினால் பயத்தில் கணக்குத் தப்பியது, வாய்விட்டு எண்ணினார். கால்கள் பேச்சுக் கேட்காததால் அவற்றுக்கும் சத்தமாகவே உத்தரவு போட்டார்.

"எழுநூத்துத் தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொன்பது... நட!"

"தொண்ணூத்தொன்பது, நூறு... ஓடு!"

இருபது கிலோமீட்டர்வரை நிம்மதியாகவே போயிற்று. ஆற்றுப் பாலம் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் பாட்டு கேட்டது.

ஒருவர் எடுத்துக்கொடுக்க, பலர் வாங்கிப் பாடும் அதே பஸ் பாட்டு. இவருக்குப் பின்னால் வருகிற பஸ் வேறெது? நாலு ஐம்பதுதான். திரும்பிப் பார்க்கலாம். ஆனால் கொடியைப் பார்த்துவிட்டால் முழங்கால் நிஜமாகவே மடங்கிவிடும் என்று தோன்றியது. கழுத்தைக் கட்டை மாதிரி வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் பாட்டு ஓய்ந்தது.

"அப்பாடா. எழுநூத்துப் பன்னிரண்டு, பதிமூணு..."

ஒரு மேடு வந்தது. "நட!" என்றார் கால்களிடம். நடந்தார். பின்னால் மறுபடி பாட்டு எழுந்தது, முன்னைவிடப் பக்கத்தில். மேட்டில் பஸ்ஸும் நடக்கும், ஸகேலே அதில் கறார். ஆனால் இவ்வளவு நெருக்கத்திலா? நூறு எட்டு நடையை நாற்பதிலேயே முறித்து, "ஓடு! ஓடு!" என்று கத்தினார். ஓடினார். பாட்டு மூச்சிரைப்பாக மாறி, பின்பு அதுவும் மங்கியது.

முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் தோகோ வாளியோடு நின்றாள். பொய் சொல்லப்போகிற பயத்தில் அவள் முகமே வேறாகியிருந்தது.

"பின்னாடி என்ன வருது?" என்றார் முஸி, திரும்பாமலே.

"பெருங்கூட்டம் வருது! பாடிக்கிட்டு வருது! ஓடுங்க!" என்று கத்தியவள், அண்ணன் முகத்தைப் பார்க்கக் கூசி, தலையை வாளிக்குள் கவிழ்த்துக்கொண்டு இரண்டு கையாலும் கிழங்கை நீட்டினாள். முஸி கிழங்கைத் தொடாமல் பறந்தார். முதுகுக்குப் பின்னால் பத்து இருபது கைகள் வாளிக்குள் விழும் சத்தமும், "உப்பு அருமை அக்கா!" என்ற குரலும் கேட்டன. உருளைக்கிழங்கே வாங்கிவிட்டார்கள். இனி என்ன சந்தேகம்?

அதற்குப் பிறகு நடந்ததை ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். தொடை கல்லானது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. எண்ணூறு ஐந்நூறானது, ஐந்நூறு முந்நூறானது. ஆனாலும் எண்ணுவதை மட்டும் அவர் விடவில்லை. நடக்க ஆரம்பித்தால் போதும், பின்னால் எவராவது பாட்டை எடுத்துவிடுவார். உடனே இவர் ஓட ஆரம்பித்துவிடுவார்.

நாற்பதாவது கிலோமீட்டரில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பேசாமல் ஓரமாக நின்று, 'மச்சான், பொய் சொல்லிட்டேன், என்னை ஏத்திக்கங்க' என்று கையெடுத்துக் கும்பிட்டால் என்ன? இருநூறு பேர் சிரிப்பார்கள். இரண்டு தூண்களும் கக்கத்தில் கை கொடுப்பார்கள். கடைசி வளைவில் மறுபடி வழிவிட்டு வழிவிட்டு ஒன்பது விநாடி தாமதமாக வந்து சேர வேண்டியதுதான். வருகிற ஜூனில் அந்த எண் கைக்கு வராமலே போகும். அடுத்த வருடம் கால் என்ன சொல்லுமோ.

"மாட்டேன்" என்றார் வாய்விட்டு. "இனிமே நடை கிடையாது! கடைசிவரைக்கும் ஓட்டம்தான்!"

பின்னால் பெரிய முனகல் ஒன்று கேட்டது. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

மைதானத்துக்குள் நுழைந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாட்டு பிடரியில் சூடாக இறங்கியது. வளைவில் யாருக்கும் வழிவிடாமல் நடுப்பாதையிலேயே ஓடினார். கோட்டைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தால், பெரிய கடிகாரத்தில் நாலு மணி நாற்பத்தொரு நிமிடம்.

முஸி நம்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்பத்தொன்றுதான். தகுதி பெற்றாயிற்று! பத்தாவது ஓட்டம் உண்டு! சந்தோஷத்தில் நெஞ்சு விம்மியது. அடுத்த நொடியே வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. பஸ் பின்னாலேயே வந்துவிட்டதே. வாழ்நாளில் ஒரு விநாடி முன்னால் வராத மனிதர் இன்றைக்கென்று ஒன்பது நிமிடம் முன்னால் வந்திருக்கிறார் என்றால், தன்னைப் பார்த்துவிட்டு விரட்டிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும்.

ஓடி ஒளியக் காலில் தெம்பில்லை. அப்படியே புல்லில் குப்புற விழுந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். காலடிச் சத்தங்கள் வந்து அவரைச் சுற்றி நின்றன. ஒரு கை தோளைத் தொட்டது.

"மன்னிச்சிருங்க மச்சான்" என்றார் முஸி, கண்ணைத் திறக்காமல். "பொய்தான் சொன்னேன். முழங்காலும் கிடையாது, டாக்டரும் கிடையாது. உங்க பஸ்ஸுல ஏறப் பயந்துதான் இவ்வளவும் செஞ்சேன்."

பதிலுக்குக் கேட்டது ஒரு பெண்ணின் குரல். முஸி கண்ணைத் திறந்தார். வியர்வையில் நனைந்த, முன்பின் பார்த்திராத ஓர் அம்மாள் குனிந்து நின்றாள். அவள் உதட்டோரம் உருளைக்கிழங்குத் துணுக்கு ஒட்டியிருந்தது. அவளுக்குப் பின்னால், முன்பின் பார்த்திராத அறுபது எழுபது பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். ஒருவர் கையிலும் கொடி இல்லை.

"எந்த மச்சானைச் சொல்றீங்களோ தெரியல, டிரைவரண்ணே. இத்தனை பேரையும் கரை சேத்துட்டீங்க, நல்லா இருப்பீங்க. ஆனா அடுத்த தடவை, நீங்க நடக்கச் சொன்ன சந்தோஷத்துல நாங்க ஒரு பாட்டு எடுத்தா, அதை முடிக்கவாவது விடுங்க!"