புலி தென்பட்டால் திரையில் என்ன காட்டலாம்?

ஒரு காட்டில், கைபேசிக் கோபுரம் எழுந்த மூன்றாம் ஆண்டில், தையல்நாயகி என்னும் ஆள்காட்டிக் குருவி ஒரு மென்பொருள் நூலகம் எழுதினாள். நூலகம் என்றவுடன் புத்தக அலமாரியை எண்ண வேண்டாம். பிறர் தாம் செய்யும் செயலிகளுக்குள் எடுத்துப் பொருத்திக்கொள்ளும் ஆயத்த நிரலுக்கும் அதுவே பெயர். அருகில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வது இந்த நூலகத்தின் பணி. மான்கள் அதை வைத்து மேய்ச்சல் செயலி செய்தன. புலி அதையே வைத்து வேட்டைச் செயலி செய்துகொண்டது.

குறை ஒன்றுதான். எதிர்பாராதது எது நேர்ந்தாலும், நூலகம் எழுதியவளைப் போலவே கத்தும். கத்திவிட்டுச் செயலியையும் நிறுத்திவிடும். புலி வந்தாலும் அதே கத்தல், சிக்னல் போனாலும் அதே கத்தல். சென்ற பங்குனியில் சிக்னல் போயிற்று. நாற்பது கைபேசிகள் ஒன்றாக அலறின. மந்தை மிரண்டு ஆற்றுமணல் வழியே ஓடிற்று. அந்த மணலில்தான் தையல்நாயகி நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். ஒன்றும் மிஞ்சவில்லை.

இவ்வாண்டும் நான்கு முட்டைகள், அதே மணல். மான் தலைவி மருக்கொழுந்து வந்து நின்றாள்.

"ஏனம்மா, உன் நிரல் தொட்டதுக்கெல்லாம் கத்துதே. கத்தினா ஓடுவோம். ஓடுறப்ப கீழே பார்க்க மாட்டோம். அப்புறம் எங்களைச் சொல்லாதே."

"பிழை நேர்ந்தால் சொல்ல வேண்டாமா?"

"சொல்லு, யார் வேண்டாங்கறது? எப்படிச் சொல்லணும்னு எங்களைக் கேட்டுச் சொல்லு."

நியாயமாகத்தான் பட்டது. பிழையைக் கண்டுபிடிப்பது நூலகத்தின் கடமை. கண்டபின் என்ன செய்வது என்பது பயன்படுத்துவோரின் உரிமை. அடைகாத்தபடியே ஏழு நாளில் தையல்நாயகி எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். இனி நூலகம் தானாகக் கத்தாது; செயலிக்கு உரியவர் எழுதிக் கொடுத்த விதிப்படி நடக்கும். விதியை எழுத ஒரு படிவமும் வைத்தாள்.

மான்கள் கூட்டம் போட்டு நிரப்பின: 'புலி தென்பட்டால், "புல் செழிப்பாக உள்ளது" என்று காட்டவும்.'

"மருக்கொழுந்து, இது ஒரு விதியா?"

"குட்டிங்க பயப்படுது. எங்க விருப்பம்னு நீதானே சொன்னே?"

சொன்னது உண்மைதான்.

புலியின் படிவத்தை அதன் செயலர், ஆதிமூலம் என்னும் நரியார், நிரப்பிக் கொண்டுவந்தார்: 'இரை கிடைக்காவிட்டால், "மான் உண்ணப்பட்டது" என்று காட்டவும்.'

"மன்னர் முகம் வாடக் கூடாது, பாருங்கள்" என்றார்.

பத்து நாள் சென்றது. குகையில் புலி நெளிந்தது.

"ஆதிமூலம், வயிறு காந்துகிறதே?"

"அஜீரணம், மன்னா. இந்த வாரம் மட்டும் பதினோரு மான். கொஞ்சம் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்."

ஆகவே நண்பகலில் புலி ஆற்றுக்கு வந்தது. அங்கே மந்தை முழுவதும் நீர் அருந்திக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே, மணலில், தையல்நாயகி முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

புலி கண்ணைச் சுருக்கியது. "இவர்களெல்லாம் யார்?"

நரியார் கைபேசியை நீட்டினார். "நாம் சாப்பிட்டவர்கள், மன்னா. பட்டியலில் இருக்கிறார்கள்."

"ஓ" என்று புலி குனிந்து நீர் குடித்தது.

இப்பக்கம் ஒரு குட்டி, "அத்தை, அது புலி மாதிரி இருக்கே?" என்றது.

மருக்கொழுந்து திரையைப் பார்த்தாள். "புலியா இருந்தா இதுல வந்திருக்காதா? புல் செழிப்பா இருக்காம். பேசாம குடி."

தையல்நாயகிக்குக் கத்தல் அலகு வரை வந்துவிட்டது. அவள் குலத்தில் புலியைக் கண்டு வாயை மூடியிருந்தவர் எவருமில்லை. ஆனால் கத்தினால் மந்தை ஓடும்; இந்த மணல் வழியேதான் ஓடும். புலியும் நிமிர்ந்து பார்க்கும். உண்ணப்பட்டவர்கள் ஓடுவதில்லை என்பது புலிக்குக்கூடத் தெரியும்.

அவள் வயிற்றுக்கடியில் ஓர் ஓடு விரிசல் விட்டது. குஞ்சு தலையை நீட்டியது, புலியைக் கண்டது, குல வழக்கப்படி வாயைத் திறந்தது. தையல்நாயகி சிறகால் அதன் அலகைப் பொத்தினாள்.

"உஷ். முதலில் படிவத்தை நிரப்பு."

மானும் புலியும் ஒரே துறையில் நீர் அருந்தும் பொற்காலம் பிறந்துவிட்டதாக அன்று மாலையே நரியார் அறிக்கை வெளியிட்டார்.

நீதி: பிழையை ஒரு தரப்பு மறைத்தால் விபத்து, இரு தரப்பும் மறைத்தால் நல்லாட்சி.