பதினொரு பேருக்கும் ஒன்பதாம் இலக்கம்

இந்த நாட்டில் தேர்தல் சட்டத்தை ஓர் எழுத்து விடாமல் அமுல்படுத்திய ஒரே மனிதர் எங்கள் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர்தான். அதற்கென்று பெரிய கந்தோர்களும் வாகனங்களும் இருக்கின்றன. இவரிடம் இருந்ததெல்லாம் ஒரு விசிலும், ஃபைல் மட்டையில் வெட்டிய சில மஞ்சள், சிவப்புக் கார்டுகளும்தான்.

அவருடைய உண்மைப் பெயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியாருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் விசில் சேர். முழங்கால் மறுத்துவிடும்வரை மன்னார்க் கரையெங்கும் உதைபந்தாட்ட நடுவராக ஓடியவர். ஓட்டம் நின்றது, நடுவர் வேலை நிற்கவில்லை. ஞாயிறு பூசைக்கும் கழுத்தில் விசிலோடுதான் வருவார். ஒருமுறை பிரசங்கம் நீண்டுகொண்டே போக, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மேலதிக நேரம் எவ்வளவு என்று சுவாமியாருக்கு விரலால் காட்டினார். சுவாமியாரும் அந்த நேரத்துக்குள் முடித்துவிட்டார்.

மன்னார் டவுனில் கழுதைகள் நினைத்த இடத்தில் நிற்கும். ஒரு மெச்சின் நடுவில் ஒரு கழுதை கோல் வாசலில் வந்து நின்றது. பெடியள் கல்லை எடுத்தார்கள். விசில் சேர் அவர்களைத் தடுத்து, கழுதைக்கு முதலில் மஞ்சள் கார்டும், அசையாததால் சிவப்புக் கார்டும் காட்டினார். கழுதை கொஞ்சம் யோசித்துவிட்டு வெளியே நடந்தது. "எங்களைவிட அதுக்குச் சட்டம் விளங்குது" என்று சொல்லி ஆட்டத்தைத் தொடங்கினார்.

இப்படிப்பட்டவரின் கண்ணில் எங்கள் ஆசிரியர் அறை தேர்தல் காலத்தில் எப்படிப் பட்டிருக்கும் என்று யோசியுங்கள்.

எங்கள் பாடசாலை முசலிப் பக்கம். அதிபர் ஒரு கட்சி. கணித மாஸ்டர் அதற்கு நேர் எதிர்க் கட்சி. மற்றவர்கள் காற்றாடிக்குக் கீழே ஒரு மேசை, சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை என்று பிரிந்து தேநீர் குடித்தார்கள். நேரசூசியில் எந்த மேசைக்கு ஓய்வுப் பாடவேளை கூடுதலாக விழுந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. 'நான் விரும்பும் தலைவர்' என்று கட்டுரை எழுதச் சொல்லி, சரியான தலைவரை விரும்பிய பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுத்ததும் நடந்தது. கணித மாஸ்டர் ஒரு படி மேலே போனார். "எங்கட வேட்பாளர் ஒரு நாளைக்கு ரெண்டு கிலோமீற்றர் றோட்டுப் போடுறார். அதைத் தோண்ட மற்றக் கட்சிக்கு எத்தனை நாள் எடுக்கும்?" என்று கரும்பலகையில் எழுதினார். பிள்ளைகள் விடை கண்டுபிடிப்பதற்குள் சன்னலுக்கு வெளியே விசில் கேட்டது.

சட்டம் இதுதான். பாடசாலைக்குள் கட்சிப் பேச்சுப் பேசினால் மஞ்சள் கார்ட். வாங்கியவர் அதைப் பாடசாலை விடும்வரை மேசையில் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கவேண்டும். இரண்டாம் மஞ்சள் விழுந்தால் சிவப்பு. சிவப்புக்காரர் தேநீரை வெளியே வேப்பமரத்தடியில் தனியாகக் குடிக்கவேண்டும். மரம் நட்டுக் கொஞ்சக் காலம்தான், நிழல் ஒரு குடைக்குக்கூடப் போதாது. மன்னார் வெயிலில் சுடு தேநீர் குடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தண்டனை விளங்கும். அவருக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. விசில் ஊதியவுடன் வாய் தானாக மூடிவிடும், சின்ன வயதில் அதே விசிலுக்குக் கீழே ஓடியவர்கள்தானே நாங்கள்.

நானும் ஒன்று வாங்கினேன். "இந்தமுறை ஒரு பொம்பிளைக்குப் போட்டுப் பாப்பம்" என்று ஆசிரியர் அறையில் வெங்காய விலைக் கதையோடு கதையாகச் சொன்னேன். பின்னால் விசில்.

"சேர், நான் கட்சி ஒண்டும் சொல்லேல்லையே."

"திசை காட்டினீங்கள் ரீச்சர். அதுவும் ஃபவுல்தான்."

வெள்ளிக்கிழமை வாங்கிய அந்த மஞ்சள் கார்டைத் திருப்பிக் கொடுக்க மறந்து கைப்பையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். நல்லவேளை மறந்தேன்.

இதனால் அவருக்கு ஒரு நண்பனும் மிஞ்சவில்லை. அதிபரின் ஆட்கள் அவரைக் கணித மாஸ்டரின் கட்சி என்றார்கள். கணித மாஸ்டரின் ஆட்கள் அதிபரின் கையாள் என்றார்கள். ஒரு பக்கமும் சாராத மனிதன் இருக்க முடியும் என்று நம்ப எங்கள் ஆசிரியர் அறையில் ஆளில்லை. அவரோ தான் பயிற்சி கொடுத்த பெண்பிள்ளைகள் அணியைக்கூட 'எங்கட பிள்ளையள்' என்று சொல்லமாட்டார். 'இந்தப் பக்கம் ஆடுற பிள்ளையள்' என்பார்.

அந்தப் பிள்ளைகள்தான் அந்த வருடம் வலய இறுதிப் போட்டிக்கு வந்திருந்தார்கள். பாதிப்பேர் கரையில் மீன் காயப்போடுகிற மீன்வாடிப் பிள்ளைகள். பாதிப்பேர் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிக் கூலிவேலை செய்கிற குடும்பத்துப் பிள்ளைகள். கப்டன் நிரோஜா அப்படியொரு வீட்டுப் பிள்ளை, வெறுங்காலால் அடித்தாலும் பந்து சீறும். டவுன் பாடசாலையை வென்றால் மாகாணப் போட்டி. எங்கள் பாடசாலை அதுவரை மன்னாருக்கு வெளியே போனது சுற்றுலாவுக்கு மட்டும்தான். ஆனால் போட்டிக்குப் போக பஸ் இல்லை. பழைய ஜேர்சியில் இலக்கங்கள் விசுவாசம் உள்ளவர்களின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தன.

அதிபர் ஒருநாள் பெட்டியோடு வந்தார். அவருடைய வேட்பாளர் பஸ்ஸும் தருகிறார், புத்தம்புது ஜேர்சியும் தருகிறார். பெட்டியைத் திறந்தோம். நெஞ்சில் வேட்பாளர் கைகூப்பிச் சிரித்தார். முதுகில் வாக்குச்சீட்டில் அவருக்குப் புள்ளடி போடவேண்டிய விருப்பு இலக்கம், ஒன்பது. அடுத்த ஜேர்சியிலும் ஒன்பது. அதற்கடுத்ததிலும் ஒன்பது. கோல் காக்கிற கோலிக்கு மட்டும் வேறு நிறம், அதிலும் ஒன்பதுதான்.

"சேர், இதைப் போட்டு விளையாட விடமாட்டினம். படம் ஏலாது. ஆளுக்கொரு நம்பரும் வேணும்" என்றார் விசில் சேர்.

அதிபர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களே ரீச்சர், எரியுது உவருக்கு. மற்றக் கட்சி எல்லோ."

விசில் சேர் வேட்பாளரின் இணைப்பாளரிடமும் போய்ச் சொன்னார். இணைப்பாளர் பெரிய மனிதர், கையில் இரண்டு போன். "கூடக் கதைச்சால் முல்லைத்தீவுக்கு மாத்திப்போடுவம்" என்றார். "அங்க கிரவுண்ட் நல்லம், புல்லும் இருக்கு" என்று இவர் உண்மையான மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டு வந்தார். ஆசிரியர் அறைக் கரும்பலகையில் 'வேறு வேறு இலக்கம் வேண்டும்' என்று பெரிதாக எழுதினார். மாலையில் பார்த்தால் கணித மாஸ்டரின் ஆட்கள் அதற்குக் கீழே 'ஆட்சி மாற்றமும் வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள்.

கடைசி வழியாக முள்ளிக்குளம் பக்கம் ஒரு கழகத்திடம் ஜேர்சி இரவல் கேட்கப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"குடுக்க மாட்டம் எண்டிட்டினமோ?" என்று கேட்டேன்.

"குடுக்கிறம் எண்டவை. மற்றக் கட்சி குடுத்த ஜேர்சி. எல்லாத்திலயும் நாலு."

சனிக்கிழமை டவுன் மைதானத்துக்கு ஊரே வந்துவிட்டது. வேட்பாளர் பந்தலில் முன்வரிசைக் கதிரையில் இருந்தார், பிரதம விருந்தினராக அல்ல, 'சும்மா பார்க்க'. பிள்ளைகள் வரிசையாக வந்தபோது பதினொரு வேட்பாளர்கள் கைகூப்பிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்கள். அதிபர் எழும்பி நின்று கைதட்டினார்.

நடுவர் வவுனியாவிலிருந்து வந்த இளம் பெண். அணியைப் பார்வையிட்டவர் ஓரிடத்தில் நின்றார்.

"ஒம்பதாம் நம்பர் ஆர்?"

பதினொரு கைகள் உயர்ந்தன.

அந்தப் பெண் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். "ஒம்பதாம் நம்பர் ஃபவுல் செய்தால் நான் ஆருக்குக் கார்ட் காட்டுறது? படமும் ஏலாது. கால் மணித்தியாலம் தாறன், மாத்திக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி மற்ற டீம் வெண்டதாக எழுதிப்போடுவன்."

அதிபர் ஓடி வந்தார். "மிஸ், இது எங்கட விளையாட்டு சேர் செய்த சதி. அவர் மற்றக் கட்சி."

"எனக்கு மன்னாரில வோட்டே இல்லை சேர்" என்றார் நடுவர்.

நிரோஜாவின் கண் கலங்கிவிட்டது. மைதான ஓரத்தில் நின்ற அவளுடைய அம்மா நேராகப் பந்தலுக்குப் போய் வேட்பாளருக்கு முன்னால் நின்றார். "ஐயா, எம் புள்ளைய வெளையாட விடுங்க. ஒங்க மொகத்த நாங்க வேற எடத்துல பாத்துக்கிறோம்." அவருக்குப் பின்னால் மீன்வாடிப் பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். அத்தனையும் வாக்கு. வேட்பாளருக்கு வேர்த்தது.

அப்போதுதான் விசில் கேட்டது. விசில் சேர் மைதானத்து வாசலில் நின்ற வேட்பாளரின் பிரசார வான் வண்டியைக் காட்டினார். அதற்குள் பெயின்ற் வாளியும் தூரிகையும் இரண்டு பெடியளும் இருந்தார்கள். மன்னார் மதில்களிலெல்லாம் இரவோடிரவாக ஒன்பது எழுதியவர்கள். "ஜேர்சியை உள்பக்கம் வெளியாப் போட்டால் வெள்ளை, கோலின்ர மட்டும் நீலம். இந்தத் தம்பிமார் நம்பர் நல்லா எழுதுவினம். கூப்பிடுங்கோ ஐயா."

பிள்ளைகள் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போய் ஜேர்சிகளைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி அனுப்பினார்கள். பெடியன் முதல் ஜேர்சியில் ஒரே இழுப்பில் அழகாக ஒன்பது எழுதினான். இரண்டாவதிலும் ஒன்பது எழுதினான். விசில்.

"பழக்கதோசம் சேர்" என்று தலையைச் சொறிந்து, முன்னால் ஒரு ஒன்றைப் போட்டுப் பத்தொன்பதாக்கினான்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வேட்பாளரே கதிரையை விட்டு எழும்பி வந்து, துணி சுருங்காமல் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். அவருடைய முகம் உள்ளே போய், மேலே இரண்டும் மூன்றும் நாலும் வந்தன. எதிர்க்கட்சி வேட்பாளரின் இலக்கமான நாலை அவரே துணி பிடித்து எழுதுவித்ததைப் பார்த்துக் கணித மாஸ்டர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி இருமினார். அதற்கும் விசில் சேர் மஞ்சள் காட்டினார்.

ஆட்டம் தொடங்கியது. பெயின்ற் காயவில்லை, மோதிய டவுன் பிள்ளைகளின் உடுப்பிலெல்லாம் எங்கள் இலக்கம் ஒட்டியது. இரண்டாம் பாதி முடியப் போகும்வரை கோல் இல்லை. அப்போது ஒரு பந்து உயர்ந்து வந்தது, நிரோஜா பாய்ந்தாள், வலை குலுங்கியது. மீன்வாடிப் பெண்கள் செருப்பைக் கழற்றி வானத்தில் எறிந்தார்கள். வேட்பாளரும் கணித மாஸ்டரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கோட்டுக்கு வெளியேயிருந்து விசில் கேட்டது. நடுவரின் விசில் அல்ல.

"கையில பட்டது மிஸ்" என்றார் விசில் சேர்.

நடுவர் நிரோஜாவைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள். "ஓம் மிஸ், பட்டது."

கோல் இல்லை என்றானது. நடுவர் திரும்பி வந்து விசில் சேருக்கு மஞ்சள் கார்ட் காட்டினார். "சேர், விசில் என்ட வேலை." அவர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். அந்த நிமிடத்தில் மைதானத்தில் அவர் பக்கம் ஒரு மனிதர்கூட இல்லை. "பாத்தீங்களே, நான் சொன்னனான் மற்றக் கட்சி எண்டு" என்றார் அதிபர். "எந்தக் கட்சி சேர்?" என்று நான் கேட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதிபர் வாயைத் திறந்தார், டவுன் பாடசாலைக்கு எந்தக் கட்சியைச் சொல்வது என்று தெரியாமல் மூடிவிட்டார்.

மேலதிக நேரத்தில் நிரோஜாவிடம் மறுபடி பந்து வந்தது. இந்தமுறை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினாள். நான் பொய் சொல்லவில்லை, ஊரே பார்த்தது. அப்படியே ஓடி, காலால் அடித்தாள். பந்து கோலியின் விரலைத் தாண்டி மூலைக்குள் போனது. எல்லோரும் முதலில் விசில் சேரைத்தான் பார்த்தோம். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். அதன்பிறகுதான் நாங்கள் கத்தினோம்.

திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளைகள் பாடினார்கள். விசில் சேர் எனக்கு முன் இருக்கையில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னார்ப் பாலம் தாண்டியதும், ஒருவரும் கேட்கவில்லை என்று நினைத்து, தனக்குத்தானே சொன்னார்: "எங்கட பிள்ளையள் வெண்டிட்டாளவை."

'எங்கட' என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. கைப்பையைத் திறந்து, திருப்பிக் கொடுக்க மறந்த மஞ்சள் கார்டை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தேன்.

"பக்கம் சாய்ஞ்சிட்டீங்கள் சேர். இண்டைக்கு ரெண்டாவது."

அவர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம் ரீச்சர். நியாயம்தான்" என்றார்.

திங்கட்கிழமை இடைவேளை மணி அடித்ததும், ஒருவரும் சொல்லாமலே தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் வெயிலில் தனியாக நின்றார். நான் என் கோப்பையோடு போனேன். பின்னால் கணித மாஸ்டர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காற்றாடி மேசையும் வந்தது, சன்னல் மேசையும் வந்தது, கடைசியாக அதிபரும் வந்தார். தேர்தலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நிரோஜாவின் கோலைப் பற்றித்தான் பேசினோம். நிழலே இல்லாத மரம் அது. பாடம் தொடங்க மணி அடித்த பிறகும் ஒருவருக்கும் எழும்ப மனம் வரவில்லை.